முன்பின் அறியாதவருக்கு ஓர் ஆங்கிலக் கடிதம்

உங்களுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தெரியுமா?

"ஏன் தெரியாது?" என்று உங்களில் பலர் கேட்கக்கூடும். காய்ச்சல் வந்தாலும், அக்காள் திருமணம் வந்தாலும் வகுப்பாசிரியரிடம் நீங்கள் எழுதிக் கொடுக்கும் விடுமுறைக் கடிதம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தானே இருக்கிறது! 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று தொடங்கும் அந்த வரிகளை உங்கள் அப்பா எழுதினார். அவர் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் நண்பர்களும் எழுதினார்கள். இன்று நீங்கள் எழுதுகிறீர்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பித்துவிடலாம். ஆனால் அது நீங்கள் எழுதிய கடிதம் அன்று. மனப்பாடம் செய்த கடிதம். உங்கள் பெயரையும் தேதியையும் எடுத்துவிட்டால் அதை வேறு யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

நான் கேட்பது வேறு. உங்கள் மனத்தில் ஓர் ஐயம் எழுகிறது. அதற்கு விடை சொல்லக்கூடியவர் எங்கோ ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திலோ, வடநாட்டு ஆராய்ச்சிக்கூடத்திலோ இருக்கிறார். அவருக்குத் தமிழ் தெரியாது. உங்களை அவருக்குத் தெரியாது. அந்த ஒருவருக்கு, நீங்களே உங்கள் சொற்களில் ஒரு கடிதம் எழுத வேண்டும். முடியுமா?

"எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராதே" என்று தயங்குகிறீர்கள் அல்லவா? உங்கள் தயக்கத்தைப் போக்கக்கூடிய இரண்டு கடிதங்கள் அறிவியல் வரலாற்றில் உள்ளன. முதலில் அவற்றைப் பார்ப்போம். பிறகு எப்படி எழுதுவது என்பதற்கு வருவோம்.

சென்னையிலிருந்து ஒரு கடிதம்

1913-ஆம் ஆண்டு ஜனவரி 16. சென்னைத் துறைமுக அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து வந்த குமாஸ்தா ஒருவர், இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி. எச். ஹார்டி என்ற கணித அறிஞருக்குக் கடிதம் எழுதினார். இருவரும் சந்தித்ததில்லை. எழுதியவரிடம் பட்டம் இல்லை. பரிந்துரைக் கடிதமும் இல்லை. வேறு கணித அறிஞர்களுக்கு எழுதிப் பார்த்தும் அவருக்குப் பயன் கிடைத்திருக்கவில்லை. அவர்தாம் சீனிவாச ராமானுஜன்.

அந்தக் கடிதத்தில் அவர் என்ன எழுதினார்? முதல் வாக்கியத்திலேயே தாம் யார் என்பதைச் சொல்லிவிட்டார்: சென்னைத் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தா, ஆண்டுச் சம்பளம் 20 பவுன்தான். இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். அவர் சம்பளம் வாங்கியது ரூபாயில். ஆனால் படிப்பவர் ஆங்கிலேயர். ஆகவே அவருக்குப் பழக்கமான பவுன் கணக்கில் சொல்கிறார். ஒரே ஓர் எண்ணில் தம் நிலையைப் படிப்பவருக்குப் புரிய வைத்துவிட்டார்!

அடுத்து, தாம் பல்கலைக்கழகக் கல்வி பெறவில்லை என்றும், பள்ளிப் படிப்புக்குப் பின் கிடைத்த ஓய்வு நேரத்தில் தாமாகவே கணிதத்தில் உழைத்து வருவதாகவும் கூறினார். பிறகு ஹார்டி எழுதிய 'ஆர்டர்ஸ் ஆஃப் இன்ஃபினிட்டி' என்ற சிறு நூலின் 36-ஆம் பக்கத்தைக் குறிப்பிட்டு, அங்கே பகா எண்களைப் பற்றிச் சொல்லியிருக்கும் ஒரு செய்தியில் தமக்கு ஒரு புதிய முடிவு கிடைத்திருக்கிறது என்றார். தாம் கண்டறிந்த சுமார் 120 தேற்றங்களையும் உடன் இணைத்தார். இவற்றில் மதிப்புள்ளது ஏதேனும் இருப்பதாக உங்களுக்குத் தோன்றினால் இவை அச்சாக வேண்டும் என்பது என் விருப்பம், நான் ஏழை, அனுபவம் இல்லாதவன், நீங்கள் தரும் அறிவுரையைப் பெரிதாக மதிப்பேன், தொல்லை கொடுப்பதற்கு மன்னிக்க வேண்டும். இவ்வளவுதான் கடிதத்தின் சாரம். முடிவில் 'யுவர்ஸ் ட்ரூலி' என்று எழுதிக் கையெழுத்திட்டு, முகவரியையும் கொடுத்திருந்தார்.

ஹார்டி முதலில் ஐயுற்றார். யாரோ ஏமாற்றுகிறார்களோ என்றுகூட நினைத்தார். பின்னர்த் தம் நண்பர் லிட்டில்வுட்டுடன் அமர்ந்து அந்தத் தேற்றங்களை ஆராய்ந்தார். சில ஏற்கெனவே தெரிந்தவை. சில தவறானவை, பகா எண் பற்றிய அந்த முடிவும் தவறுதான். ஆனால் சில தேற்றங்களோ ஹார்டி அதுவரை கண்டிராத புதுமை கொண்டவை. 1913 பிப்ரவரி 8-ஆம் தேதியிட்ட அவருடைய பதில் கடிதம் சென்னைக்குப் புறப்பட்டது. அடுத்த ஆண்டில் ராமானுஜனும் கப்பல் ஏறினார்.

இதில் உங்களுக்கு ஆறுதல் தரும் செய்தி ஒன்று உண்டு. ராமானுஜனின் அன்றைய ஆங்கில அறிவு அந்தக் கடிதத்துக்குப் போதுமானதாக இருந்திருக்காது என்றும், நண்பர்கள் ஓரளவு உதவியதாக அவரே சொன்னதாக நினைவு என்றும் ஹார்டி பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். எழுதிய ஆங்கிலத்தைப் பிறரிடம் காட்டித் திருத்திக்கொள்வது வெட்கப்பட வேண்டிய செயல் அன்று என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமா? ஆங்கிலத்துக்கு நண்பர்கள் துணை செய்தார்கள். தேற்றங்கள் ராமானுஜனுடையவை!

டாக்காவிலிருந்து ஒரு கடிதம்

இரண்டாவது கடிதத்தின் தேதி 1924 ஜூன் 4. எழுதியவர் டாக்கா பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில் பணியாற்றிய 30 வயது ஆசிரியர் சத்தியேந்திரநாத் போஸ். பெற்றவர் ஐன்ஸ்டீன். அப்போதே உலகம் அறிந்த நோபல் அறிஞர் அவர்.

போஸின் கடிதம் ராமானுஜனுடையதைவிடவும் சிறியது. இந்தக் கட்டுரையை உங்கள் பார்வைக்கும் கருத்துக்கும் அனுப்பத் துணிந்தேன் என்பது முதல் செய்தி. கட்டுரையில் தாம் என்ன செய்திருக்கிறார் என்பது அடுத்த செய்தி. பிளாங்க் விதியில் வரும் ஒரு கெழுவைப் பழைய மின்னியக்கவியலின் துணை இல்லாமல் வருவித்திருப்பதாக ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். மூன்றாவது, கட்டுரையை மொழிபெயர்க்கும் அளவுக்குத் தமக்கு ஜெர்மன் தெரியாது என்ற ஒப்புதல். நான்காவது, தகுதியுடையதாகக் கருதினால் ஜெர்மன் ஆய்விதழ் ஒன்றில் வெளிவர ஏற்பாடு செய்யுங்கள் என்ற வேண்டுகோள். இதழின் பெயரையும் குறிப்பிட்டிருந்தார்.

முன்பின் தெரியாத ஒருவரிடம் இப்படிக் கேட்கலாமா? அதற்கும் கடிதத்திலேயே விடை இருந்தது. நாங்கள் எல்லோரும் உங்கள் எழுத்துகளின் வழியே உங்களிடம் பாடம் கேட்கும் மாணவர்கள். ஆகவே கேட்கத் தயங்கவில்லை என்ற கருத்தை எழுதினார் போஸ். மேலும், ஐன்ஸ்டீனின் பொதுச் சார்பியல் கட்டுரையை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் தாமே என்பதையும் நினைவூட்டினார்.

ஐன்ஸ்டீன் என்ன செய்தார்? கட்டுரையைத் தாமே ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். இது முக்கியமான முன்னேற்றம் என்று தம் குறிப்பையும் சேர்த்து இதழுக்கு அனுப்பினார். போஸுக்கு ஓர் அஞ்சல் அட்டையும் எழுதினார். அந்தக் கட்டுரையிலிருந்து வளர்ந்ததே 'போஸ்-ஐன்ஸ்டீன் புள்ளியியல்'. அதற்குக் கட்டுப்படும் துகள்களுக்குப் 'போசான்' என்று பெயர் வந்தது போஸின் பெயரால்தான். இந்த வழியில் ஐன்ஸ்டீன் முன்னறிவித்த ஒரு விந்தையான பொருள் நிலை 1995-இல் ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டது. அதற்காக 2001-இல் மூன்று இயற்பியலார் நோபல் பரிசு பெற்றனர். இவ்வளவும் ஒரு பக்கக் கடிதத்துடன் புறப்பட்ட கட்டுரையின் விளைவு!

இரண்டுக்கும் பொதுவானது எது?

இரண்டு கடிதங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டிலும் நான்கு செய்திகள் இருக்கின்றன. நான் யார்? உங்களுக்கு ஏன் எழுதுகிறேன்? நான் என்ன செய்திருக்கிறேன்? உங்களிடம் என்ன கேட்கிறேன்?

இது உங்களுக்குப் புதிய அமைப்பு அன்று. ஆய்வகத்தில் நீங்கள் எழுதும் செய்முறைப் பதிவேட்டை நினைத்துப் பாருங்கள். நோக்கம், செய்முறை, கண்டது, முடிவு என்று எழுதுகிறீர்கள் அல்லவா? அங்கே 'மாண்புமிகு ஊசலே' என்று யாரும் தொடங்குவதில்லை. முன்பின் அறியாத அறிஞருக்கு எழுதும் கடிதமும் அத்தகையதே. முடிவு என்ற இடத்தில் ஒரு கேள்வி இருக்கும், அவ்வளவுதான் வேறுபாடு.

இதை நான் எளிதில் கற்றுக்கொள்ளவில்லை. முதுகலை படித்தபோது, ஒரு பாடநூலில் இருந்த சமன்பாட்டில் 2 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. நூலாசிரியரான வெளிநாட்டுப் பேராசிரியருக்கு எழுதினேன். கடிதம் எழுதக் கற்றுத்தரும் நூல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதிலிருந்த அழகான சொற்றொடர்களையெல்லாம் எடுத்துக் கோத்தேன். அவருடைய புகழைப் பற்றி ஒரு பத்தி. என் சிறுமையைப் பற்றி ஒரு பத்தி. இந்தியாவின் பண்பாட்டைப் பற்றிக்கூட ஒரு பத்தி! இரண்டு பக்கம் நிறைந்தது. பதில் வரவில்லை.

சில மாதங்கள் கழித்து என் ஆசிரியரிடம் அந்தக் கடிதத்தின் கரட்டுப்படியைக் காட்டினேன். அவர் முழுவதும் படித்துவிட்டு, "இதில் கேள்வி எங்கே இருக்கிறது, தம்பி?" என்று கேட்டார். தேடிப் பார்த்தேன். இரண்டாம் பக்கத்தின் அடியில், 'தேங்கிங் யூ' என்பதற்குச் சற்று மேலே அது ஒளிந்திருந்தது. பக்க எண்ணைக்கூட நான் குறிப்பிடவில்லை.

மறுபடி எழுதினேன். இம்முறை ஒன்பது வரிகள். பக்கம் எது, சமன்பாடு எது, நான் போட்ட கணக்கு எது, எனக்குக் கிடைத்த விடை எது என்பவை மட்டுமே அதில் இருந்தன. பதில் வந்தது. அது அச்சுப்பிழை என்றும், சுட்டிக்காட்டியதற்கு நன்றி என்றும் அவர் எழுதியிருந்தார். இரண்டாவது கடிதத்தில் என் ஆங்கிலம் முதல் கடிதத்தில் இருந்ததைவிட மிக எளியது. ஆனால் அதில்தான் நான் இருந்தேன்.

தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதும்போது

நாம் தமிழில் நினைக்கிறோம். அது குறையன்று. ஆனால் ஒவ்வொரு மொழிக்கும் கடிதத்தில் தனித்தனி மரியாதை முறை உண்டு. அதை அறியாமல் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் இடறிவிடுவோம். நான்கு இடங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, 'டியர்' என்ற சொல். இதை எழுத உங்களில் சிலர் கூச்சப்படுவதைப் பார்த்திருக்கிறேன். பெரிய பேராசிரியரைப் போய் 'அன்பே' என்று அழைப்பதா என்று நினைக்கிறீர்கள்! கடிதத்தின் தொடக்கத்தில் அந்தச் சொல்லுக்கு அன்புப் பொருள் ஏதும் இல்லை. அது வாயில் மணியை அழுத்துவது போன்ற ஒரு வழக்கம். யாருக்கும் எழுதலாம்.

இரண்டாவது, 'நலம், நலமறிய ஆவல்.' தமிழ்க் கடிதத்தில் இது இனிக்கும். வெளியூரில் இருக்கும் மாமாவுக்கு எழுதும்போது இதைவிட நல்ல தொடக்கம் ஏது? ஆனால் ஓர் அறிஞருக்கு எழுதும் ஆங்கிலக் கடிதத்தில் 'ஐ ஆம் வெல்' என்று தொடங்கினால், இவர் உடல்நலத்தை நான் எப்போது கேட்டேன் என்று அவர் வியப்பார். நேரே செய்திக்குச் செல்லுங்கள். நண்பருக்கு எழுதுவதானால் 'ஹவ் ஆர் யூ?' என்ற மூன்று சொற்கள் போதும்.

மூன்றாவது, 'நீ', 'நீங்கள்' வேறுபாடு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'யூ' ஒன்றுதான். இதனால் மரியாதை குறைந்துவிடுமோ என்று அஞ்சி 'ஹானரபிள்', 'எஸ்டீம்டு' என்று அடைமொழிகளை அடுக்குகிறோம். ஆங்கிலத்தில் மரியாதை வினாவின் வடிவத்தில் வெளிப்படும். 'டெல் மீ' என்பது கட்டளை. 'குட் யூ ப்ளீஸ் டெல் மீ' என்பது பணிவு. அதற்கும் மேலான மரியாதை ஒன்று உண்டு. அவருடைய நேரத்தை வீணாக்காமல் சுருக்கமாக எழுதுவதே அது.

நான்காவது, 'டவுட்.' 'சார், எனக்கு ஒரு டவுட்' என்று வகுப்பில் நாள்தோறும் கேட்கிறோம். நம் நாட்டில் இதற்குக் கேள்வி என்று பொருள். ஆனால் ஆங்கிலேயருக்கோ அமெரிக்கருக்கோ 'ஐ ஹேவ் எ டவுட் அபவுட் யுவர் ஒர்க்' என்று எழுதினால், உங்கள் ஆராய்ச்சியில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று அவர் பொருள் கொள்ளக்கூடும்! 'ஐ ஹேவ் எ கொஸ்சன்' என்று எழுதுங்கள். அதே போல 'மைசெல்ஃப் செல்வி' என்பதும் வேண்டா. 'மை நேம் இஸ் செல்வி' என்பதே சரி.

கடிதத்தின் உடற்கூறு

இப்போது வடிவத்தைப் பார்ப்போம். தாளின் மேற்பகுதியில் உங்கள் முகவரியும் தேதியும் இடம்பெற வேண்டும். வீட்டு முகவரியைவிடப் பள்ளி முகவரியைக் கொடுப்பது நல்லது. தேதியில் மாதத்தை எழுத்தால் எழுதுங்கள். 5-6 என்று எண்ணால் எழுதினால் நமக்கு அது ஜூன் 5. அமெரிக்கருக்கோ மே 6!

அடுத்தது விளி. பெயர் தெரிந்தால் பெயரிட்டு எழுதுங்கள். மேனாட்டுப் பெயரில் பெரும்பாலும் கடைசியில் வருவது குடும்பப் பெயர். 'டியர் மிஸ்டர் ஹார்டி' என்பது சரி. 'டியர் மிஸ்டர் காட்ஃப்ரே' என்பது தவறு. பேராசிரியர் என்றால் 'மிஸ்டர்' என்ற இடத்தில் 'புரொஃபசர்' என்று எழுதலாம்.

பிறகு செய்தி. மூன்று அல்லது நான்கு சிறிய பத்திகள் போதும். ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி மட்டும் சொல்லுங்கள். செய்து முடித்த சோதனையைச் சொல்வதால் வினைச்சொற்கள் பெரும்பாலும் இறந்தகாலத்தில் வரும். இது ஒன்றைச் சரியாகக் கவனித்தாலே பாதி இலக்கணப் பிழைகள் மறைந்துவிடும்.

இறுதியில் விடைபெறும் சொல். 'டியர் சார்' என்று பெயரில்லாமல் தொடங்கினால் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி' என்று முடிப்பதும், பெயரிட்டுத் தொடங்கினால் 'யுவர்ஸ் சின்சியர்லி' என்று முடிப்பதும் ஆங்கிலேய மரபு. நண்பருக்கு 'வித் பெஸ்ட் விஷஸ்' போதும். 'யுவர்ஸ்' என்ற சொல்லில் முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்து. 'எஸ்' எழுத்துக்கு முன்னால் மேற்குறி கிடையாது. படித்த பெரியவர்களும் இங்கே தவறுவதுண்டு.

கையெழுத்துக்குக் கீழே உங்கள் பெயரைத் தெளிவாக எழுதுங்கள். நம் முதலெழுத்து முறை வெளிநாட்டாருக்குப் புரியாது. எஸ். ராமானுஜன் என்பதில் 'எஸ்' தந்தையின் பெயரான சீனிவாசனைக் குறிப்பது. எந்தப் பெயரால் உங்களை அழைக்க வேண்டும் என்பது படிப்பவருக்கு விளங்கும்படி எழுதுவது நல்லது.

மின்னஞ்சல் அனுப்பினாலும் இவையெல்லாம் பொருந்தும். முகவரியும் தேதியும் மேலே வேண்டா. பள்ளியின் பெயரையும் ஊரையும் உங்கள் பெயருக்குக் கீழே எழுதினால் போதும். ஆனால் 'பொருள்' என்ற இடத்தைக் காலியாக விடாதீர்கள். 'எ கொஸ்சன்' என்று மட்டும் எழுதாமல், எதைப் பற்றிய கேள்வி என்பதை ஐந்தாறு சொற்களில் குறிப்பிடுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு

செல்வி என்று பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி இருப்பதாக வைத்துக்கொள்வோம். 20 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு தகர டப்பாவில் நீர் நிரப்பி, அதை ஊசலாகத் தொங்கவிட்டாள். தொங்கும் புள்ளியிலிருந்து டப்பாவின் நடுப்பகுதி வரை ஒரு மீட்டர். டப்பாவின் அடியில் ஒரு சிறு துளை. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நீரை வெளியேவிட்டு, துளையை மெழுகால் அடைத்து, 20 அலைவுகளுக்கான நேரத்தை அளந்தாள். டப்பா நிறைந்திருந்தபோது ஏறத்தாழ 40 வினாடி. கால் பங்கு நீர் இருந்தபோது 41 வினாடி. முழுதும் காலியானபோது மீண்டும் 40 வினாடி! நேரம் ஏன் கூடியது? கூடியது ஏன் குறைந்தது?

அவள் இப்படியும் எழுதலாம்: 'ஊசலைப் பற்றி எல்லாவற்றையும் எனக்கு விளக்க வேண்டுகிறேன்.' இதற்கு யாரும் பதில் எழுத மாட்டார்கள். எல்லாவற்றையும் விளக்க ஒரு புத்தகம் வேண்டும். அந்தப் புத்தகம் நூலகத்தில் இருக்கிறது.

அவள் எழுத வேண்டிய கடிதம் வேறு. முதல் பத்தியில் தான் யார், எந்த ஊர்ப் பள்ளியில் படிக்கிறாள் என்பதையும், அவருக்கு எழுதுவதற்கான காரணத்தையும் இரண்டே வரிகளில் சொல்ல வேண்டும். இரண்டாம் பத்தியில் செய்ததைச் சொல்ல வேண்டும். 'ஐ ஹங் எ டின் ஆஃப் வாட்டர் ஃப்ரம் எ ஸ்டிரிங். ஐ மேட் எ ஸ்மால் ஹோல் அட் தி பாட்டம். ஐ மெஷர்டு தி டைம் ஃபார் 20 ஸ்விங்ஸ்.' பார்த்தீர்களா? மூன்று வாக்கியங்கள். உங்களுக்குத் தெரியாத சொல் இவற்றில் ஒன்றேனும் உண்டா? அடுத்து மூன்று அளவுகளையும் எழுத வேண்டும். எண்களுக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை.

மூன்றாம் பத்தியில், தான் என்ன நினைக்கிறாள் என்பதைச் சொல்லிக் கேள்வியைக் கேட்க வேண்டும். நீர் குறையும்போது ஈர்ப்பு மையம் முதலில் கீழே இறங்கி, பிறகு மேலே ஏறுகிறது என்று எண்ணுகிறேன், இது சரியா? ஈர்ப்பு மையம் மிகத் தாழ்வாக இருக்கும்போது நீர்மட்டம் எங்கே இருக்கும்? கடைசியில், படித்தமைக்கு ஒரு வரியில் நன்றி.

இத்தகைய கடிதத்தைப் படிக்கும் இயற்பியலார் யாரும் புன்னகை செய்யாமல் இருக்க மாட்டார். தானே சோதித்தாள், தானே சிந்தித்தாள், எங்கே நிற்கிறாள் என்று சரியாகக் காட்டினாள். அவர் செய்ய வேண்டியதெல்லாம் அந்த இடத்திலிருந்து ஓர் அடி கைபிடித்து அழைத்துச் செல்வதுதான். (விடை தெரிந்துகொள்ள விரும்புவோருக்கு: ஈர்ப்பு மையம் மிகத் தாழ்ந்திருக்கும் நிலையில் அது சரியாக நீர்மட்டத்திலேயே அமையும். ஏன் என்று நீங்கள் யோசியுங்கள்!)

"கணிப்பொறியில் தமிழில் எழுதிக் கொடுத்தால் அதுவே ஆங்கிலத்தில் மாற்றித் தருமே" என்று நீங்கள் கேட்கலாம். தரும். ராமானுஜனுக்கு நண்பர்கள் உதவியது போல அதுவும் உங்களுக்கு உதவட்டும். ஆனால் உங்கள் டப்பாவில் நீர் ஒழுகியதை அது பார்க்கவில்லை, நீங்கள்தாம் பார்த்தீர்கள். முதல் படியை நீங்களே எழுதுங்கள். அது தந்ததையும் வரி வரியாகப் படித்து, 'நான் சொல்ல வந்தது இதுதானா?' என்று சரிபாருங்கள். உங்களுக்கே பொருள் தெரியாத சொல் ஒன்றுகூட உங்கள் கையெழுத்துக்கு மேலே இருக்கக் கூடாது.

அனுப்புமுன், அனுப்பிய பின்

கடிதத்தை ஒரு நாள் வைத்திருந்து மீண்டும் படியுங்கள். எண்களையும் பெயர்களையும் சரிபாருங்கள். ராமானுஜனே தமக்குச் சுமார் 23 வயது என்று எழுதினார். உண்மையில் அப்போது அவருக்கு 25 முடிந்திருந்தது! பிறகு ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ காட்டுங்கள். முன்பின் அறியாதவருக்கு எழுதுவது வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்திருப்பது எப்போதும் நல்லது.

பதில் வராமலும் போகலாம். அதற்காக மனம் தளராதீர்கள். பெரியவர்களுக்கு வேலை அதிகம். நன்றாக எழுதப்பட்ட கடிதத்துக்கும் பதில் வராமல் போவதுண்டு. ராமானுஜனுக்கு முதல் முயற்சியிலேயே ஹார்டி கிடைத்துவிடவில்லை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மேலும், கேள்வியைத் தெளிவாக எழுதும் முயற்சியிலேயே பல சமயம் விடை கிடைத்துவிடும். அஞ்சலில் சேர்க்காத கடிதமும் வீணாகாது.

பெரிய கண்டுபிடிப்பு இருந்தால்தான் எழுதலாம் என்றும் எண்ண வேண்டா. பள்ளி மாணவி ஒருத்தி தனக்குக் கணிதம் கடினமாக இருப்பதாக ஐன்ஸ்டீனுக்கு எழுதினாள். 1943 ஜனவரியில் அவர் அவளுக்குப் பதில் எழுதினார். கணிதத்தில் உனக்கு உள்ள இடர்ப்பாடுகளைக் குறித்துக் கவலைப்படாதே, என்னுடையவை இன்னும் பெரியவை என்பது அதன் கருத்து. அந்தச் சிறுமியிடம் தேற்றம் இல்லை. புதிய கட்டுரையும் இல்லை. உண்மையான ஒரு வருத்தம் இருந்தது. அதை அவள் உள்ளபடி சொன்னாள்.

நம் பள்ளிகளில் நல்ல கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. 'என் ஆங்கிலத்தைப் பார்த்துச் சிரிப்பார்களோ' என்ற அச்சத்தால் அவை குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்திலேயே தங்கிவிடுகின்றன. ஹார்டி அன்று தேற்றங்களை ஆராய்ந்தார். இலக்கணத்துக்கு மதிப்பெண் போட உட்காரவில்லை.

இன்று மாலை உங்கள் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கே ஒரு கேள்வி இருந்தால், ஒரு தாளை எடுத்து மேலே தேதியைப் போடுங்கள். மாதத்தை எழுத்தால் எழுத மறந்துவிடாதீர்கள்!